மாம்பூக் காலத்துத் தும்மல்

சோலைராசு தும்முனா மொதத் தும்மலுக்குக் காக்கா பறக்கும். ரெண்டாவதுக்கு நாய் எந்திரிக்கும். மூணாவதுக்கு மடத்துச் சமையக்காரன் சிவனாண்டி கரண்டியக் கீழ வச்சுட்டு, "ஆரம்பிச்சுட்டாருய்யா மனுசன்"னு சொல்லுவான்.

பெரியகுளம் பக்கம், மலையடிவாரத்துல இருந்துச்சு அந்த மடம். சுத்தி எந்தப் பக்கம் பாத்தாலும் மாந்தோப்பு. தை பொறந்து பூ எடுத்துச்சுன்னா தோப்பே மஞ்சக் குளிச்சு நிக்கும். பாக்குறவங்களுக்குக் கண்ணு குளிரும். சோலைராசுக்குக் கண்ணு எரியும்.

மனுசன் பஸ்ஸுல கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. விசில் ஊதியே பொழச்சவரு. இனிமே சத்தமே வேண்டாம்னுதான் மடத்துக்கு வந்து சேந்தாரு. சத்தம் அவர விடல. வாயில இருந்தது மூக்குக்கு எடம் மாறிக்கிருச்சு.

மடத்துக்குக் குரு பேச்சியம்மா. வயசு முப்பத்தஞ்சு இருக்கும், சோலைராசு மகளவிடச் சின்னவங்க. முன்னாடி இருந்த பெரியவரு கண்ண மூடுறப்ப, "இனிமே எதுன்னாலும் இந்தப் புள்ளகிட்டக் கேளுங்க"ன்னு கையக் காட்டிட்டுப் போயிட்டாரு. பேருதான் பேச்சி. கேட்டா ஒண்ணு சொல்லுவாங்க. ரெண்டாவது கேக்கணும்னா மறுநாள் வரணும். சோலைராசு அவங்கள 'தாயி'ம்பாரு. அவங்க இவர 'கண்டக்டரே'ம்பாங்க.

மடத்துல ஒரு வழக்கம் உண்டு. மாசி மகத்தன்னைக்குக் காலையில எல்லாரும் கூடத்துல கண்ண மூடி உக்காருவாங்க. பேச்சியம்மா ஒவ்வொருத்தருகிட்டயும் வந்து, குனிஞ்சு, காதுல ஒரே ஒரு வார்த்தை சொல்லுவாங்க. அந்த வார்த்தைய வச்சுத்தான் அவங்கவங்க ஆயுசுக்கும் ஓட்டணும். சட்டம் ஒண்ணுதான். உக்காந்தப்புறம் யாருகிட்ட இருந்து சத்தம் வந்தாலும் அவங்களா எந்திரிச்சு வெளிய போயிரணும். போன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. திரும்ப வான்னும் சொல்ல மாட்டாங்க. இனி அடுத்த மாசி மகம்தான்.

மாசி மகமும் மாம்பூவும் பேசி வச்ச மாதிரி ஒண்ணாத்தான் வரும்.

மூணு வருசமா சோலைராசு வெளியதான் நின்னாரு. தையில பூ எடுத்ததும் கோயமுத்தூருல மக வீட்டுக்கு ஓடிருவாரு. மகத்துக்குன்னு காலைல வந்து எறங்குவாரு. உக்காருவாரு. தும்முவாரு. எந்திரிச்சுப் போயிருவாரு. தும்முறதுக்குன்னே டிக்கெட் எடுத்து வர்ற ஆளு ஊருக்குள்ள இவரு ஒருத்தருதான்னு சிவனாண்டி சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

இந்த வருசம் சோலைராசு கோயமுத்தூரு போகல. போன ஐப்பசியில அவரு கூடவே வேல பாத்த டிரைவர், சாப்பிட்ட கை காயுறதுக்குள்ள போய்ச் சேந்துட்டாரு. அதுல இருந்து 'அடுத்த வருசம்'னு யாராச்சும் சொன்னாலே இவரு பேச்ச மாத்திருவாரு. அந்த வார்த்தைய இந்த மகத்துக்கே வாங்கிரணும். இல்லன்னா வாங்காமலே போயிருவோம்.

ஒரு நாள் பேச்சியம்மா மொச்ச உரிச்சுக்கிட்டு இருக்கிறப்பப் போய் எதுக்க உக்காந்தாரு.

"தாயி, ஞானம் வந்தா தும்மல் நின்னுருமா?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. பெரியவரு ஒரு நாள் தும்மி நான் பாத்ததில்ல. நீங்களும் தும்முனதில்ல. அப்ப மனசு அடங்குனா மூக்கும் அடங்கும்னுதான அர்த்தம்?"

"நீங்க அடக்கிப் பாத்தீங்களா?"

"நேத்து பூராம் அடக்குனேன்."

"என்ன ஆச்சு?"

"காதுல குய்ங்னு வருது தாயி."

"மொச்சைய உரிங்க"ன்னாங்க.

இதுக்கு என்ன அர்த்தம்னு சோலைராசு ராத்திரி பூராம் யோசிச்சு, அவரா ஒண்ணு கண்டுபிடிச்சாரு. எது நம்மள வெரட்டுதோ, அதுக்கு எதுக்கால போய் உக்காரணும். விடிகாலைல குளிச்சாரு. கூடத்து வாசல்ல நிக்கிற பெரிய மாமரத்தடியில, பூ கொட்டுற எடமாப் பாத்துத் துண்ட விரிச்சு, கண்ண மூடிட்டாரு.

மரம் அது பாட்டுக்குப் பூவ உதுத்துச்சு. இவரு அது பாட்டுக்குத் தும்முனாரு.

வேட்டியத் துவைச்சு அந்த மரத்துக் கெளையிலயே காயப் போட்டாரு. மரத்தோட ஆசி எறங்குமாம். உக்காந்து எந்திரிச்சப்புறம் தலையில ஒரு சொட்டுத் தண்ணி படாமப் பாத்துக்கிட்டாரு. அது மடத்து ஆளுங்க நம்பிக்கை. தவத்துல ஏறுற சூடு உச்சந்தலையிலதான் நிக்கும், தண்ணி ஊத்துனா எறங்கிப் போயிரும்பாங்க. அதனால மறுநாள் விடியிற வரைக்கும் அதே தலையோட திரிவாரு, அதே தலையோட படுப்பாரு.

இது பத்தாதுன்னு சிவனாண்டி வேற. "கைப்புள்ளைக்கே சளின்னா சாம்பிராணி போடுறோம். கண்டக்டரு அண்ணனுக்குப் போடக் கூடாதா?"ன்னு பொழுது எறங்குனதும் சட்டியோட வந்துருவான். கதவு, சன்னல் எல்லாத்தையும் சாத்தி, உள்ள ஒரு ஆளு இருக்காருங்கிறதே தெரியாத அளவுக்குப் புகையப் போட்டுட்டுத்தான் போவான்.

ஒரு வாரம் ஆச்சு. சோலைராசு கண்ணு ரெண்டும் குளவி கொட்டுன மாதிரி வீங்கிக்கிருச்சு. பேசுனா 'ம'ன்னு வர வேண்டியது 'ப'ன்னு வந்துச்சு. படுத்தா நெஞ்சுக்குள்ள விசில் சத்தம் கேட்டுச்சு. டூட்டி முடிஞ்சு எத்தன வருசம் ஆச்சு, இன்னும் ஊதுதேன்னு அவருக்கே பயம் வந்துருச்சு.

பேச்சியம்மாகிட்ட வந்து நின்னாரு.

"தாயி, கூடத்து வாசல்ல நிக்குதே, அந்த ஒரு மரத்த மட்டும் வெட்டிரலாமா?"

"வெட்டுங்க."

"நெசமாவா?"

"அருவா சமையக்கட்டுல இருக்கு. வெட்டுறதுக்கு முன்னாடி மொட்டமாடிக்கு ஒரு நடை போயிட்டு வாங்க. இத வெட்டி முடிச்சுட்டு அடுத்து எதுன்னு பாத்து வச்சுக்கிட்டா வேல சுளுவா முடியும்."

அருவாளோட ஏறுனாரு. ரொம்ப நேரம் மேலயே நின்னாரு. அப்புறம் மெதுவா எறங்கி வந்தாரு.

"என்ன தெரிஞ்சுச்சு?"

"வெட்டுனா கேரளா வரைக்கும் வெட்டணும் தாயி."

"அருவாள வச்சுட்டுக் கெணத்தடிக்கு வாங்க."

கெணத்தடியில பேச்சியம்மா ஒரு அண்டா வச்சு, அது வாயில வெள்ளத் துணி ஒண்ணக் கட்டியிருந்தாங்க. சிவனாண்டி ஓடி வந்து, "தாயி, அது நான் மோர் வடிகட்டுற துணி"ன்னான். அவங்க காதுல வாங்கல.

"தலையக் குனிங்க கண்டக்டரே."

ஆசீர்வாதம்னு நெனச்சுக் குனிஞ்சாரு. ஒரு கொடம் தண்ணி தலையில விழுந்துச்சு.

"ஐயோ தாயி! போச்சே! ஒரு வாரத் தவமும் போச்சே!"

"போனது எதுன்னு பாருங்க."

சோலைராசு மூஞ்சிய வழிச்சு விட்டுட்டுப் பாத்தாரு. வெள்ளத் துணி மேல மஞ்சளும் பழுப்புமா ஒரு படலம். நடுவுல நாலஞ்சு பூவு, ஒரு எறும்பு. எறும்பு உசுரோட இருந்துச்சு.

"இது எங்க இருந்துச்சு?"

"என் தலையில."

"ராத்திரி தலை எங்க இருந்துச்சு?"

"தலகாணியில."

"மூக்கு?"

சோலைராசு மூக்கத் தொட்டுப் பாத்துக்கிட்டாரு.

"பஸ்ஸ ராத்திரி டிப்போவுக்குக் கொண்டு போனா என்ன செய்வீங்க?"

"கூட்டி, கழுவி நிறுத்துவாங்க தாயி. நாள் பூராம் ஊருத் தூசி எல்லாம் ஏறியிருக்கும்ல."

"பஸ்ஸுக்கு"ன்னாங்க பேச்சியம்மா. கொடத்தக் கமுத்தி வச்சுட்டுப் போயிட்டாங்க.

அன்னைக்கு ராத்திரி சோலைராசு தலைக்கு ஊத்தி, தலகாணி உறைய மாத்திட்டுப் படுத்தாரு. ரெண்டு தும்மலோட தூக்கம் வந்துச்சு. காலைல எந்திரிச்சதும் ஓடுனாரு.

"தாயி, மூணு வருசமா இத ஏன் சொல்லல?"

"மூணு வருசமாத் தும்முனீங்க. இந்த வருசந்தான கேட்டீங்க."

"இன்னும் என்ன செய்யணும்?"

"வேட்டி"ன்னாங்க. அவ்வளவுதான்.

வேட்டி மரத்துல இருந்து எறங்கி, அடுப்படிக் கொடியில ஏறுச்சு. சாம்பாரு வாசம் அடிச்சுச்சு. ஆனா போர்த்துனா தும்மல் வரல. வெளிய போட்டுட்டுத் திரிஞ்ச சட்டையோட பாயில உக்கார்றதையும் அவராவே விட்டுட்டாரு.

மறுநாள் கேட்டதுக்கு "சன்னல்"னாங்க. சோலைராசு விடிஞ்சதும் சன்னலப் பப்பரப்பான்னு தொறந்து வைக்கிற ஆளு. பூத் தூளு கெளம்பிக் காத்துல சுத்துறதே அந்த நேரந்தான். இப்பச் சாத்தி வச்சு, வெயில் தாழத் தொறந்தாரு. அறையக் கூட்டுறதையும் விட்டுட்டு, ஈரத் துணிய வச்சுத் தொடச்சாரு. மரத்தடித் தவம் கூடத்துக்குள்ள வந்துருச்சு. தோப்பு வழியா நடக்க வேண்டி வந்தா நனைச்ச துண்ட மூக்குல கட்டிக்கிட்டாரு. எதுக்க வந்த ஆட்டுக்காரக் கெழவி, வழிப்பறிக்காரன்னு நெனச்சு ஆட்ட விட்டுட்டு ஓடிருச்சு.

சாம்பிராணியிலதான் சண்ட வந்துச்சு.

"தாயி சொல்லிட்டாங்க, புகை ஆகாதாம் சிவனாண்டி. நெஞ்ச இன்னும் கெடுக்குமாம்."

"சாமிக்கு ஆவுறது ஒங்களுக்கு ஆவாதோ? சாமியவிடப் பெரிய ஆளு ஆயிட்டீங்க!"

"சாமி மூச்சு விட மாட்டாருய்யா. நான் விடணும்ல?"

சிவனாண்டி சட்டியத் தூக்கிக்கிட்டுக் கோவத்தோட போனான். ரெண்டு நாள் இவரு எலையில மட்டும் ரசம் தண்ணியா விழுந்துச்சு.

அதுக்கு அடுத்த நாள் பேச்சியம்மா சொன்னது "டாக்டரு". நெஞ்சுல விசில் அடிச்சா அத மடத்துல வச்சுப் பாக்கக் கூடாதுன்னு, அன்னைக்கு மட்டும் ஒண்ணுக்கு ரெண்டாச் சொன்னாங்க. டவுன்ல ஒரு டாக்டரம்மா நெஞ்சுல குழாய வச்சுப் பாத்துட்டு, ராத்திரிக்கு ஒரு மாத்திரையும், மூக்குல அடிக்கிற மருந்தும் குடுத்தாங்க. கொதிக்க வச்சு ஆற வச்ச தண்ணியில உப்புப் போட்டு மூக்கக் கழுவச் சொன்னாங்க. மறுபடி விசில் அடிச்சா ஒடனே வரணும்னும் சொல்லி அனுப்புனாங்க.

மாத்திரையக் கையில வச்சுக்கிட்டு சோலைராசு மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்து நின்னாரு.

"என்ன கண்டக்டரே?"

"மடத்துல இருந்துக்கிட்டு மாத்திரை போடவா தாயி? மனசால முடியாதத இத முழுங்கிச் சரி பண்ணுனா, அப்புறம் நான் என்னத்துக்கு உக்கார்றது?"

பேச்சியம்மா மூக்குக் கண்ணாடியக் கழட்டி முந்தானையில தொடச்சாங்க.

"இத நான் கழட்டுனா நீங்க எனக்கு யாருன்னு தெரியல. மூணு தல தெரியுது. கழட்டியே வச்சுரட்டுமா?"

"வேண்டாம் தாயி. போட்டுக்குங்க."

"நீங்களும் போட்டுக்குங்க"ன்னாங்க.

நாள் ஆக ஆகத் தும்மல் கொறஞ்சுச்சு. காக்கா மட்டும் பறந்துச்சு. நாய் எந்திரிக்கல. அப்புறம் காக்காவும் கண்டுக்கிறதில்ல. காலைல எந்திரிச்சதும் ஒண்ணு, சில நாள் ரெண்டு. அதோட சரி. கண்ணு பழைய கண்ணாச்சு. 'ம' மறுபடியும் 'ம'ன்னே வந்துச்சு.

ஆனா அந்த ஒண்ணு, ரெண்டு இருக்கே, அது போகல. சோலைராசுக்கு அதுதான் உறுத்துச்சு. இத்தனையும் செஞ்சும் மிச்சம் நிக்குதுன்னா, உள்ளுக்குள்ள இன்னும் பழுக்கலன்னுதான அர்த்தம்? தாயிக்கு இந்த மிச்சம்கூட இல்லையே. மகத்தன்னைக்கு அந்த மிச்சம் கூடத்துக்குள்ள வந்து தொலச்சா?

மகத்துக்கு மொத நாளே வெளியூருச் சனம் வந்து எறங்கிருச்சு. தோப்பு பூராம் கூட்டம். பேச்சியம்மா பந்தியில நின்னு, தானே சோறு போட்டு, பாய் குடுத்து, கெழடு கட்டைகளுக்கு எடம் பாத்துப் படுக்க வச்சாங்க. சோலைராசு அவரு வேலயச் சரியாப் பாத்தாரு. தலைக்கு ஊத்துனாரு, மருந்து அடிச்சாரு, மாத்திரையப் போட்டாரு, படுத்தாரு.

காலைல கூடம் நெறஞ்சுச்சு. சோலைராசுக்குக் கடைசி வரிசையில கடைசி எடம், வாசப்படி ஓரமா. "ஒங்களுக்குப் பின் படிக்கட்டுத்தான பழக்கம். எறங்க வசதியா இருக்கும்"னு சொல்லி சிவனாண்டிதான் பாய் போட்டான். போட்டுட்டுப் பக்கத்துலயே அவனும் உக்காந்துக்கிட்டான்.

எல்லாரும் கண்ண மூடுனாங்க.

பேச்சியம்மா முன் வரிசையில இருந்து ஆரம்பிச்சாங்க. காலடிச் சத்தம் வரும், நிக்கும், திரும்ப நகரும். சோலைராசு மூக்க வேவு பாத்துக்கிட்டே உக்காந்திருந்தாரு. மூக்கு சாதுவா இருந்துச்சு. அரிப்பு இல்ல, நமநமப்பு இல்ல. காலடி ரெண்டாவது வரிசைக்கு வந்துச்சு. மூக்கு அசையல. கடைசி வரிசைக்கு வந்துச்சு. பக்கத்துல சிவனாண்டிகிட்ட நின்னுச்சு. சிவனாண்டி பெருசா ஒரு மூச்சு விட்டான். அவனுக்குக் கெடச்சிருச்சு.

இப்பச் சேலை சரசரப்பு இவருகிட்ட. காதோரமா வெதுவெதுன்னு மூச்சுக் காத்து பட்டுச்சு. மூணு வருசம் வெளிய நின்னாச்சு. இந்தா வந்துருச்சு. காத நல்லாக் குடுத்தாரு.

"அச்ச்ச்ச்ச்சூ!"

காதுல வார்த்தை விழல. சாரல் விழுந்துச்சு.

கூடமே கேட்டுச்சு. ஒருத்தரும் கண்ணத் தொறக்கல. தொறக்க வேண்டிய அவசியம் என்ன இருக்கு? அந்த மூலையில இருந்து தும்மல் வந்தா யாருதுன்னு அந்த மடத்துல யாருக்குத் தெரியாது? முன்னாடி யாரோ தலைய ஆட்டுனாங்க. சிவனாண்டி மூடுன கண்ணோட தலையில அடிச்சுக்கிட்டான்.

சோலைராசு மட்டும் கண்ணத் தொறந்துட்டாரு.

பேச்சியம்மா மூக்க இறுக்கிப் புடிச்சுக்கிட்டு நின்னாங்க. கண்ணு ரெண்டும் செவந்து தண்ணி கட்டியிருந்துச்சு. ஏதோ சொல்ல வாயத் தொறந்தாங்க. இன்னொரு தும்மல் உள்ள முட்டிக்கிட்டு நின்னதால வார்த்தை வரல. தும்மலுக்கு முன்னாடி மனுச மூஞ்சி எப்படிக் கோணும்னு சோலைராசுக்குச் சொல்லித் தரணுமா என்ன?

'நான் இல்ல'ன்னு தொண்ட வரைக்கும் வந்துச்சு. நியாயமும் அதுதான். அவரு தும்மல. அவரு எதுக்கு எந்திரிக்கணும்? ஆனா அதச் சொன்னா அடுத்த கேள்வி, அப்ப யாருன்னு வரும். கூடத்தப் பாத்தாரு. மூடுன கண்ணா வரிசையா இருந்துச்சு. தாயிக்குத் தும்மலே வராதுன்னு இவரு நம்புன மாதிரியே நம்பிக்கிட்டு வந்த சனம்.

துண்ட எடுத்தாரு. எந்திரிச்சாரு. வாசப்படியத் தாண்டி வெளிய எறங்கிட்டாரு.

படியில போய் உக்காரல, அதுக்குள்ள உள்ள இருந்து ரெண்டாவது தும்மல் வந்துச்சு. மொதல்ல வந்ததவிடப் பெருசு.

இப்பக் கூடத்துல கண்டக்டர் இல்ல. தும்மல் இருந்துச்சு. அத்தன கண்ணும் ஒண்ணாத் தொறந்திருக்கும்.

"நான்தான்"னு பேச்சியம்மா கொரல் கேட்டுச்சு. "மொத தடவையும் நான்தான்."

அப்புறம் காலடிச் சத்தம் வாசலுக்கு வந்துச்சு.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்க கண்டக்டரே."

"நீங்க எதுக்குத் தாயி வெளிய வந்தீங்க?"

"சத்தம் வந்தா வெளிய. எனக்கு மட்டும் வேற சட்டமா?"

பக்கத்துல உக்காந்து, கண்ணாடியக் கழட்டிட்டு முந்தானையில மூக்கச் சிந்துனாங்க. சோலைராசு அவங்களையே பாத்துக்கிட்டு இருந்தாரு.

"ஒங்களுக்குமா தாயி?"

"சின்னப் புள்ளையில இருந்து."

"ஒரு நாளும் நாங்க கேட்டதில்லையே."

"தெனம் தலைக்கு ஊத்திட்டுத்தான் படுப்பேன். மாத்திரையும் உண்டு. நேத்து சோறு போட்டு முடிச்சதும் ஒடம்பு தாங்கல. அப்படியே சாஞ்சுட்டேன்."

"அப்ப ஞானம் வந்தா நின்னுரும்னு நான் நெனச்சது..."

"அது வேற ரூட்டுப் பஸ்ஸு."

சோலைராசு துண்ட மடிச்சாரு, பிரிச்சாரு, திரும்ப மடிச்சாரு. கேக்காம இருக்கவும் முடியல.

"தாயி, அப்ப எனக்கு அந்த வார்த்தை?"

பேச்சியம்மா கண்ணாடியப் போட்டுக்கிட்டு அவரத் திரும்பிப் பாத்தாங்க.

"தும்முனது நீங்க இல்லைல்ல?"

"இல்ல தாயி."

"அப்புறம் எந்திரின்னு ஒங்க காதுல யாரு சொன்னா?"

சோலைராசு யோசிச்சாரு. 'எந்திரி'ன்னு ஒரு தடவ மெதுவாச் சொல்லிப் பாத்தாரு. தும்மல் வரல.